சுற்றுக்குள் செல்லும் சுரங்கள்

திருநெல்வேலியிலிருந்து பாட்டி தொலைபேசியில் பேசுகிறார். தில்லியிலிருக்கும் பேத்திக்கு அது பாட்டியின் குரல்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திண்ணையில் அருகமர்ந்து கேட்ட குரலுக்கும் இதற்கும் ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது. தொலைபேசியில் குரல் மெலிந்து, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கிறது. பெயரை ஆங்கில எழுத்துகளாகப் பிரித்துச் சொன்னால் 'எஸ்' என்பதும் 'எஃப்' என்பதும் ஒன்று போலவே கேட்கின்றன.

இதற்குக் காரணம் தொலைவு அன்று. அடுத்த தெருவிலிருந்து பேசினாலும் இப்படித்தான் கேட்கும். கம்பிவழித் தொலைபேசி ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை மட்டுமே கடத்துமாறு அமைக்கப்பட்டது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த அடிப்படை ஒலி கம்பியின் மறுமுனைக்கு வந்து சேர்வதே இல்லை. வந்து சேர்ந்த மேற்சுரங்களைக் கொண்டு செவியும் மூளையும் அதை ஊகித்துக்கொள்கின்றன. 'ஸ்' என்னும் சீறொலியின் ஆற்றலோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் வழியிலேயே வெட்டுண்டு போகிறது. இக்காலக் கைப்பேசி இணைப்புகள் பலவற்றில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை இடம் கிடைத்திருப்பதால் பாட்டியின் குரல் சற்றே நெருங்கி வந்திருக்கிறது.

ஒரு மின்சுற்றுக்குள் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட அலைகளை ஒரே அளவில் செலுத்தினால், அவை வெளியே வரும்போது எந்தெந்த அளவில் இருக்கின்றன என்பதைக் காட்டும் விவரமே அச்சுற்றின் 'அதிர்வெண் துலங்கல்' எனப்படும். வாயிற்காவலர் ஒருவர் சிலரை உள்ளே விட்டு, சிலரைப் பாதி வழியில் நிறுத்தி, சிலரைத் திருப்பி அனுப்புவது போன்றது சுற்றின் செயல். அந்தக் காவலரின் விதியை வீட்டிலிருக்கும் கணினியைக் கொண்டே கண்டறிய இயலும்.

வீணையும் குழலும் வேறாவது எதனால்?

வீணையில் ஒரு சுரத்தை மீட்டி, அதே சுரத்தைக் குழலில் ஊதினால் இரண்டின் அடிப்படை அதிர்வெண்ணும் ஒன்றே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவரும் எது வீணை, எது குழல் என்று சொல்லிவிடுவார். அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என எழும் மேற்சுரங்கள் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதே கருவிக்குக் கருவி மாறும் அடையாளங்களுள் முதன்மையானது. அந்த விகிதத்தை ஒரு மின்சுற்று மாற்றிவிட்டால், வீணையின் வீணைத்தன்மையே குறைந்துவிடும்.

மிருதங்கத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணப் பறையின் தோல் அதிரும்போது எழும் மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் அவற்றில் சுரம் தெளிவாகத் தோன்றுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசப்படும் கரிய கரணை, அந்த மேற்சுரங்களை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. இதைச் சோதனை வழியே காட்டியவர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்குச் சென்று, ஓய்வு நேரங்களில் அங்கிருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, பின்னர் அந்நகரிலேயே பேராசிரியரானவர். மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேற்சுரங்களைப் பற்றிய கட்டுரையைத் துணை ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து 1920இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். பிழைப்புக்காக ஊரைவிட்டுச் சென்றவரின் செவியில் ஊரின் தாளக்கருவி ஒலித்துக்கொண்டே இருந்தது போலும்.

செவியை ஏன் நம்பக் கூடாது?

சுற்றின் வழியே பாட்டை ஒலிக்கச் செய்து, கேட்டே தீர்ப்பளித்துவிடலாமே என்று தோன்றலாம். செவி நுட்பமானது, ஆனால் நடுநிலையானது அன்று. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை அது மிகக் கூர்மையாகக் கேட்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் அதன் கூர்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஒலியின் மொத்த அளவைக் குறைத்தால் இந்த வேறுபாடு இன்னும் மிகும். இதனை ஃபிளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1933இல் வரைபடங்களாக வெளியிட்டனர். ஒரே பாட்டை மெதுவாக வைத்தால் தாளத்தின் கனம் குறைவதும், உரக்க வைத்தால் கூடுவதும் ஒலிபெருக்கியின் குற்றம் அன்று; பெரும்பாலும் செவியின் இயல்பே. இதனோடு, சிறிது நேரம் முன்பு கேட்ட ஒலியை நினைவில் வைத்துப் புதிய ஒலியோடு ஒப்பிடும் ஆற்றலும் மனிதருக்கு மிகக் குறைவு. ஆகவே எண்ணாக எழுதி வைக்கும் அளவை தேவைப்படுகிறது.

அளக்கப்படும் சுற்று

சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் சுற்று மிக எளியது. 1,000 ஓம் மின்தடையம் ஒன்று. 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று. மின்தடையத்தின் மேல் பழுப்பு, கருப்பு, சிவப்பு ஆகிய வளையங்கள் இருக்கும். மின்தேக்கியின் மேல் 104 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தில்லியின் லாஜ்பத் ராய் சந்தை, மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ். பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய எங்கும் இவை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

அலை முதலில் மின்தடையத்தின் வழியே செல்கிறது. மின்தடையத்தின் மறுமுனையிலிருந்து தரை முனைக்கு மின்தேக்கி இணைக்கப்படுகிறது. மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமே வெளியீடு. மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் என்பதே இங்கு நடக்கும் அனைத்துக்கும் காரணம். 100 ஹெர்ட்ஸில் அது 15,900 ஓம் அளவில் பெரும் தடையாக நிற்கிறது. ஆகவே அலை தரைக்குச் செல்லாமல் வெளியீட்டில் முழுதாய்த் தோன்றுகிறது. 10,000 ஹெர்ட்ஸில் அது வெறும் 159 ஓமாகச் சுருங்கிவிடுகிறது. அலையின் பெரும்பகுதி தரைக்கு வழிந்தோடிவிடுகிறது. தாழ்ந்தவற்றை விட்டு உயர்ந்தவற்றைத் தடுப்பதால் இதற்குத் தாழ்அதிர்வெண் வடிகட்டி என்று பெயர்.

மின்மறுப்பும் மின்தடையும் சமமாகும் அதிர்வெண்ணை வெட்டு அதிர்வெண் என்பர். 1-ஐ 2π, மின்தடை, மின்தேக்குத்திறன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் அது கிடைக்கும். இச்சுற்றுக்கு அது 1,592 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வெளியீடு பாதியாகிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உண்மையில் 1,000 பங்கில் 707 பங்கு இருக்கும். மின்தடையத்தில் உள்ள அழுத்தமும் மின்தேக்கியில் உள்ள அழுத்தமும் ஒரே கணத்தில் உச்சம் அடைவதில்லை. ஆகவே அவற்றை நேரடியாகக் கூட்டாமல், செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல் வைத்துக் கர்ணத்தைக் காண வேண்டும். பிதாகரசு தேற்றம் இங்கும் வந்து உதவுகிறது.

அளவெடுக்க வேண்டிய அதிர்வெண்களை 100, 200, 300 எனக் கூட்டிக்கொண்டு போவதைவிட, இரட்டித்துக்கொண்டு போவதே நன்று. இசையில் ஒரு ஸ்தாயி உயர்வது என்பது அதிர்வெண் இரு மடங்காவதே. செவியும் அப்படித்தான் கணக்கிடுகிறது. கீழே உள்ளவை கணக்கிட்டுப் பெற்ற அளவுகள். உள்ளீடு எல்லா இடத்திலும் 1,000 பங்கு எனக் கொள்ளப்பட்டுள்ளது.

110 ஹெர்ட்ஸ் — 998 பங்கு
220 ஹெர்ட்ஸ் — 991 பங்கு
440 ஹெர்ட்ஸ் — 964 பங்கு
880 ஹெர்ட்ஸ் — 875 பங்கு
1,760 ஹெர்ட்ஸ் — 671 பங்கு
3,520 ஹெர்ட்ஸ் — 412 பங்கு
7,040 ஹெர்ட்ஸ் — 221 பங்கு
14,080 ஹெர்ட்ஸ் — 112 பங்கு

முதல் மூன்று ஸ்தாயிகளில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. கடைசியில், ஸ்தாயிக்கு ஒருமுறை அளவு ஏறத்தாழ பாதியாகிறது. 100 ஹெர்ட்ஸில் தொடங்காமல் 110இல் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. இந்திய வீடுகளின் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 50, 100, 150 ஆகிய இடங்களில் எதன்வழியாகவும் நுழைந்துவிடும். அந்த இடங்களை ஒதுக்கிவிட்டால் அளவை தூய்மையாக இருக்கும்.

முதல் அளவையில் சுற்று இருக்கக் கூடாது

கணினியின் ஒலி அட்டைக்குள் இரண்டு கருவிகள் ஒளிந்திருக்கின்றன. ஹெட்போன் துளை, வேண்டிய அதிர்வெண்ணில் அலையை உண்டாக்கித் தரும். ஒலி உள்ளீட்டுத் துளை, வந்த அலையை அளந்து பதிவு செய்யும். ஆடாசிட்டி என்னும் கட்டணமில்லா மென்பொருள் இரண்டு வேலைகளையும் செய்ய வல்லது. மடிக்கணினியில் ஒலிவாங்கித் துளை மட்டுமே இருந்தால், அது ஒலிவாங்கிக்காகச் சிறிதளவு நேர்மின்னழுத்தத்தைத் தானே வெளியிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒலி உள்ளீட்டுத் துளை தனியாக உள்ள யுஎஸ்பி ஒலி அட்டை இதற்கு ஏற்றது. புளூடூத் இணைப்பு எவ்வகையிலும் பயன்படாது. அது ஒலியைச் சுருக்கி அனுப்பும்.

இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஆகியவை கணினியின் அமைப்புகளில் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பேச்சைத் தெளிவாக்க வைத்த இந்த உதவிகள் அளவையைக் கெடுத்துவிடும். மாறாத ஒரே சுரத்தைக் கேட்டால், இரைச்சல் என்று கருதி அதை மெல்ல மெல்ல அழித்துவிடும் மென்பொருளும் உண்டு.

இப்போது வெளியீட்டு வடத்தையும் உள்ளீட்டு வடத்தையும் நேராக இணைக்க வேண்டும். நடுவில் மின்தடையமும் இல்லை, மின்தேக்கியும் இல்லை. இந்நிலையில் எட்டு அதிர்வெண்களையும் ஒவ்வொன்றாகச் செலுத்தி, பதிவான அலையின் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றே இல்லாத இந்த அளவையை வீண் வேலை என்று கருதுவோர் பலர். ஆனால் ஒலி அட்டையும் ஒரு மின்சுற்றே. அதற்குள்ளும் மின்தேக்கிகள் உண்டு. அதற்கும் தனக்கென ஓர் அதிர்வெண் துலங்கல் உண்டு. மலிவான அட்டைகள் பலவற்றில் தாழ்ந்த அதிர்வெண்கள் குறைந்தே பதிவாகும். அதைத் தனியே அறியாதவர், பின்னர் சுற்றை இணைத்து அளக்கும்போது அட்டையின் குறையைச் சுற்றின் மேல் சுமத்திவிடுவார்.

பதிவான அலை, மென்பொருள் காட்டும் உச்ச உயரத்தில் பாதி அளவுக்கு இருக்குமாறு ஒலியளவை வைத்து, பின்னர் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அளவு மிகுந்தால் அலையின் முகடு மழுங்கி வெட்டுண்டுவிடும். வெட்டுண்ட அலையில் முன்பு இல்லாத புதிய அதிர்வெண்கள் தோன்றிவிடுவதால், அதன்பின் அதிர்வெண் துலங்கல் என்ற பேச்சுக்கே பொருளில்லை. இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. மென்பொருளில் உண்டாக்கும் அலையின் உயரத்தைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். பதிவும் சரிபாதியானால் எல்லாம் நலம்.

அடுத்துச் சுற்றை நடுவில் இணைத்து, அதே எட்டு அளவுகளை மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் இரண்டாம் அளவை முதல் அளவால் வகுத்தால் கிடைப்பதே சுற்றின் உண்மையான துலங்கல். இச்சோதனையில் மின்கலத்தால் இயங்கும் சுற்றுகளையும், இதுபோல் மின்வழங்கலே தேவைப்படாத சுற்றுகளையும் மட்டுமே கையாள வேண்டும். சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தோடு தொடர்புடைய எதனையும் ஒலி அட்டையுடன் இணைத்தல் உயிருக்கே ஆபத்தாகும். மடிக்கணினியைக்கூட மின்னேற்றியிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால் ரீங்காரம் குறையும்.

ஒரே கணக்கு, இரண்டு விடைகள்

சோதனையின் சுவையான பகுதி இனிதான் வருகிறது. முதல் சுற்றைக் கழற்றிவிட்டு, 10,000 ஓம் மின்தடையத்தையும் 10 நானோஃபாரட் மின்தேக்கியையும் பொருத்த வேண்டும். மின்தடை பத்து மடங்கு கூடியது. மின்தேக்குத்திறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. பெருக்கற்பலன் மாறவில்லை. எனவே வெட்டு அதிர்வெண் இப்போதும் 1,592 ஹெர்ட்ஸ்தான் என்று கணக்கு சொல்கிறது. இரண்டு சுற்றுகளும் ஒன்று போலவே நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் அளந்து பார்த்தால் அப்படி இல்லை. பல வீட்டு ஒலி அட்டைகளில் இரண்டாவது சுற்று, தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே ஏறத்தாழ பாதி அளவைத்தான் தரும். அதன் வெட்டு அதிர்வெண் 1,592க்குப் பதில் 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டிச் சென்றிருக்கும். கணக்கிலும் பிழையில்லை, இணைப்பிலும் பிழையில்லை. ஆயின் குற்றவாளி யார்?

ஒலி அட்டையின் உள்ளீட்டுத் துளைக்குள் பார்த்தால், அதற்கும் ஒரு மின்தடை உண்டு. 10,000 ஓம் அளவிலான உள்ளீட்டு மின்தடை கொண்ட அட்டைகள் மிகுதி. அளப்பதற்காக அட்டையை இணைத்தவுடன், அந்த 10,000 ஓம் மின்தேக்கிக்கு இணையாகச் சேர்ந்துகொள்கிறது. சுற்றிலுள்ள 10,000 ஓமும் அட்டையிலுள்ள 10,000 ஓமும் அழுத்தத்தைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. மின்தேக்கியின் பக்கமிருந்து பார்த்தால் அவ்விரண்டும் இணையாக நின்று 5,000 ஓமாகின்றன. மின்தடை பாதியானதால் வெட்டு அதிர்வெண் இரட்டித்து 3,183 ஹெர்ட்ஸாகிறது. முதல் சுற்றிலும் இதே பிழை இருந்தது. ஆனால் அங்கே 1,000 ஓமுக்கு முன் 10,000 ஓம் என்பதால் 1,592 என்பது 1,751 ஆனதோடு நின்றது.

ஒரு கரண்டி வெந்நீரின் வெப்பத்தை அறியக் குளிர்ந்த வெப்பமானியை அதில் அமிழ்த்தினால், வெப்பமானி நீரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு, தான் குளிரச்செய்த நீரின் வெப்பத்தையே காட்டும். அண்டா நிறைய நீர் இருந்தால் அந்த இழப்பு தெரியாது. 10,000 ஓம் சுற்று கரண்டி நீர். 1,000 ஓம் சுற்று அண்டா நீர்.

ஆகவே அட்டையின் உள்ளீட்டு மின்தடையையும் அளந்துவிடுவது நல்லது. மின்தேக்கியை நீக்கிவிட்டு, 10,000 ஓம் மின்தடையத்தை மட்டும் வடங்களுக்கு நடுவே வைத்து 440 ஹெர்ட்ஸில் அளக்க வேண்டும். நேரிணைப்பில் 1,000 பங்காக இருந்தது இப்போது 500 பங்கானால், உள்ளீட்டு மின்தடையும் 10,000 ஓம். 800 பங்கு வந்தால், நான்கு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே எனப் பிரிந்ததாகப் பொருள்; அப்போது அது 40,000 ஓம். ஒரே ஒரு மின்தடையத்தைக் கொண்டு மூடியிருக்கும் பெட்டிக்குள் இருப்பதை அறிந்துகொள்ளும் இந்த வழி, விலையுயர்ந்த கருவிகள் உள்ள ஆய்வுக்கூடத்திலும் கைவிடப்படுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் விடை சற்றே விலகி இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. பொன்னிற வளையம் உள்ள மின்தடையம், குறிப்பிட்ட மதிப்பிலிருந்து 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மலிவான பீங்கான் மின்தேக்கியில் 20 விழுக்காடு வரை வேறுபாடு இருப்பதுண்டு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் வெட்டு அதிர்வெண் 1,263 ஹெர்ட்ஸாகவும் இருக்கலாம். 2,094 ஹெர்ட்ஸாகவும் இருக்கலாம். பாகத்தின் மேல் அச்சிட்ட எண் ஒரு வாக்குறுதி மட்டுமே.

அளவுகோலே மாறிய கதை

அளக்கும் கருவி தானே பிழை செய்யும் என்பதைத் தொலைபேசிப் பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே பட்டறிந்தனர். நீண்ட கம்பியில் குரல் எவ்வளவு மெலிகிறது என்பதை அமெரிக்காவில் 'மைல்' கணக்கில் சொல்லி வந்தனர். இத்தனை மைல் திட்டக் கம்பியில் எவ்வளவு இழப்பு ஏற்படுமோ அவ்வளவு இழப்பு என்பது அதன் பொருள். கேட்பதற்கு எளிய வழியாகத் தோன்றினாலும் அதில் ஒரு கண்ணி இருந்தது. நீண்ட கம்பியும் மேலே கண்ட வடிகட்டியைப் போன்றதே. உயர்ந்த அதிர்வெண்ணில் அதன் இழப்பு மிகுதி. தாழ்ந்த அதிர்வெண்ணில் குறைவு. அதாவது, 'ஒரு மைல்' என்னும் அளவுகோலே ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் நீண்டும் சுருங்கியும் நின்றது!

1924ஆம் ஆண்டளவில் அந்த மைலைக் கைவிட்டு, எந்த அதிர்வெண்ணிலும் மாறாத, விகிதத்தை மட்டுமே சார்ந்த அலகு ஒன்றைக் கொண்டுவந்தனர். 1928இல் அதற்கு டெசிபெல் என்று பெயரிட்டனர். தொலைபேசியோடு பெயர் பிணைந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக வந்த பெயர் அது. வெளியீட்டு அழுத்தத்தை உள்ளீட்டு அழுத்தத்தால் வகுத்து, விடையின் மடக்கையை 20ஆல் பெருக்கினால் டெசிபெல் கிடைக்கும். பாதியாவது என்றால் −6 டெசிபெல். 707 பங்கு என்றால் −3 டெசிபெல். வகுத்தல் கழித்தலாக மாறிவிடுவதால், சுற்றோடு எடுத்த அளவிலிருந்து சுற்றில்லாமல் எடுத்த அளவைக் கழித்தாலே போதும்.

வீட்டிலிருக்கும் எளிய மல்டிமீட்டரிலும் இதே கண்ணி உண்டு. அதன் மாறுதிசை மின்னழுத்த அளவை சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை மனத்தில் கொண்டு அமைந்தது. 400 ஹெர்ட்ஸுக்கு மேல் உறுதி தராத மீட்டர்கள் பல. அவற்றால் 7,040 ஹெர்ட்ஸை அளந்தால் வரும் எண் சுற்றினுடையதா, மீட்டரினுடையதா என்று சொல்ல இயலாது. ஒலி அட்டைக்கும் எல்லை உண்டு. நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கும் அட்டை, 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதனையும் உள்ளபடி பதிவு செய்ய முடியாது. வானொலிச் சுற்றுகளை அளக்க ஆஸிலோஸ்கோப் போன்ற வேறு கருவிகள் வேண்டும்.

பாட்டியின் தொலைபேசி

இதுவரை கற்றதைக் கொண்டு பழைய தொலைபேசியின் குரலை வீட்டிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். முதலில் 470 ஓமும் 100 நானோஃபாரட்டும் கொண்ட தாழ்அதிர்வெண் வடிகட்டி. அதன் வெட்டு அதிர்வெண் 3,386 ஹெர்ட்ஸ். அதையடுத்து, மின்தேக்கியையும் மின்தடையத்தையும் இடம் மாற்றி அமைத்த இன்னொரு வடிகட்டி. இதில் அலை 100 நானோஃபாரட் மின்தேக்கியின் வழியே சென்று, 5,100 ஓம் மின்தடையத்தின் முனைகளில் வெளிப்படும். இடம் மாறியதால் இது தாழ்ந்தவற்றைத் தடுத்து உயர்ந்தவற்றை விடும். இதன் எல்லை 312 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் தொலைபேசியின் 300 முதல் 3,400 வரையுள்ள வழி உருவாகிறது. உண்மைத் தொலைபேசி எல்லைக்கு அப்பால் செங்குத்தாக வெட்டிவிடும். இந்தச் சுற்றோ சரிவாகவே குறைக்கும். ஆகவே ஒப்புமை முழுமையாக இராது.

விடுமுறையில் ஊரில் பாட்டி அருகிருந்து பேசியதைப் பதிவு செய்து வந்து, அதை இச்சுற்றின் வழியே செலுத்தி மீண்டும் பதிவு செய்தால், திண்ணைக் குரல் தொலைபேசிக் குரலை நோக்கி நகர்வதைக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் அளந்து பார்த்தவருக்கு ஒரு சிக்கல் தென்படும். அட்டையின் உள்ளீடு 10,000 ஓம் எனில், அது 5,100 ஓமுக்கு இணையாகச் சேர்ந்து அதை 3,380 ஓம் அளவுக்குக் குறைத்துவிடும். 312 என்று கணக்கிட்ட எல்லை 470 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குரல் வேண்டியதைவிட மெலிந்துவிடும். அட்டையோடு சேர்ந்து 5,100 ஓமுக்கு நெருங்கிய அளவைத் தரும் மின்தடையம் எது என்று கணக்கிட்டால், முன்பு குழப்பம் விளைவித்த அதே 10,000 ஓம் மின்தடையம்தான் விடையாக வந்து நிற்கும்.